சாமியைக் கடித்த நாய்

வெயிலுமுத்து அண்ணாச்சி மாஹிமில் சைக்கிளில் இட்லி விற்கிறவர். தாராவியில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிரே. நடுவில் இருக்கிற கல்லியில், அந்தச் சந்தில், ஒருவர் குடையை விரித்துக்கொண்டு வந்தால், இன்னொருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் தாளிக்கிற வாசனையும் நடக்கிற சண்டையும் எனக்குச் சொல்லாமலே வந்து சேர்ந்துவிடும். சண்டை என்றால் அண்ணாச்சியின் பெண்டாட்டி பேராச்சி மதினியின் குரல்தான். ஒரு தட்டு இட்லி வாங்குகிறவனுக்கு நாலு தரம் சட்னி ஊற்றிவிட்டு வருகிறாரே மனுஷன் என்று மதினி கத்துவாள். அண்ணாச்சியிடமிருந்து அதிகம் போனால் ஒரு வரி வரும்.

"கேக்குதவன் கேக்கத்தான செய்வான்."

அதோடு சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷர். கல்லியில் குழாய்த் தண்ணீருக்கு வரிசை நின்றால் அவர் குடத்தை எல்லோரும் பின்னால் தள்ளிவிடுவார்கள். தள்ளியது தெரிந்தும் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் வருடத்தில் ஒரு நாள் அவர் வேறு ஆள். ஆடி மாதம் எங்கள் கல்லி முனையில் இருக்கிற சுடலைமாடன் கோயிலில் கொடைத் திருவிழா. அதில் அவர்தான் சாமியாடி. அவர் அப்பா ஆடினார், அப்பாவுக்குப் பிறகு இவர். பம்பாயில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மேளம் அடித்தால் போலீஸ் வந்துவிடும் என்பதால், பெரிய பூசையை எங்கள் ஆட்கள் எப்போதோ மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்கு நீலத் தார்ப்பாய் கட்டி, சாம்பிராணிப் புகை மூட்டம் போட்டு, மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தால் அண்ணாச்சியின் உடம்பு முதலில் லேசாக நடுங்கும். பிறகு ஒரே துள்ளல். இடுப்பில் மணி கட்டிய சல்லடமும் கையில் வல்லயம் என்கிற ஈட்டியுமாக அவர் வந்து நின்றால், தண்ணீர்க் குழாயில் அவர் குடத்தைத் தள்ளிய அதே ஆட்கள் கைகட்டித் தலைகுனிந்து குறி கேட்பார்கள். கல்யாணம், கடை, ஆஸ்பத்திரி, ஊரில் நிலத் தகராறு, எதுவானாலும் சாமி சொன்னால் சொன்னதுதான். மேற்கொண்டு யாரும் பேச மாட்டார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மாலதி. கல்லியின் நடுவில் இருக்கிற முகம்மது ஹனீப் பாயின் தோல்பைப் பட்டறைக்கு வீட்டிலிருந்தே கைப்பிடி தைத்துக் கொடுக்கிறேன். என் புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். போனும் இல்லை, ஆளும் இல்லை. எனக்கு ஒரு மகள், ஸ்ரீலேகா. வடாலாவில் இருக்கிற என் அண்ணன், "வந்துரு புள்ள, இங்க ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு, அடைச்சுப் போட்டுருக்கேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சாமி பூதம் எல்லாம் சும்மா என்று வாய் கிழியப் பேசுவேன். கொடையன்று மேளச் சத்தம் கேட்டதும் முதல் ஆளாகப் போய் நிற்பதும் நான்தான்.

இனி நாய்க்கு வருகிறேன். அதன் பெயர் கண்டக்டர். கல்லியை விட்டு யார் வெளியே போனாலும் முனை வரை கூடவே போய், அவர்கள் ரோட்டில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் திரும்பும். அதனால் பசங்கள் வைத்த பெயர். செம்பட்டை நிறம், முனிசிபாலிட்டி கருத்தடை செய்து ஊசி போட்டதற்கு அடையாளமாக ஒரு காதில் வெட்டு. ஊருக்குப் பொதுவான நாய்தான் என்றாலும் அது படுப்பது அண்ணாச்சி வீட்டு வாசலில். அண்ணாச்சி மாஹிமிலிருந்து திரும்பும்போது அவர் சைக்கிள் ஹாரன் எங்களுக்குக் கேட்கும் முன்னாலேயே அதற்குக் கேட்டுவிடும். இட்லிக்காரன் வளர்க்கிற நாய் இட்லியை மோந்துகூடப் பார்க்காது, பாவ் ரொட்டிதான் வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பாவ் வாங்கி வருவார்.

அதற்கு இன்னொரு சினேகிதர் ஹனீப் பாய். அவர்கள் மார்க்கப்படி நாயின் எச்சில் மேலே பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவ வேண்டும். எங்கள் கல்லியில் மண்ணுக்கு எங்கே போவது? எல்லாம் சிமெண்ட். அதற்காகவே மாஹிம் பக்கம் ஒரு நர்சரியில் மண் வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பட்டறைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்திருப்பார். நாய் மூக்கை வைத்து அவர் முழங்காலில் முட்டும். "ச்சூ, போ, போ" என்று திட்டிக்கொண்டே போய்க் கழுவுவார். மறுநாளும் அதற்குக் கறித்துண்டு போடுவார், அதுவும் முட்டும், இவரும் கழுவுவார். இத்தனை பாடுபட்டு ஒருத்தர் நாயை நேசிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த நாய் கொடையன்று மட்டும் அண்ணாச்சி பக்கம் வராது. சல்லடத்தின் மணிச் சத்தம் கேட்டதும் பட்டறைக்குள் போய்க் கட்டிங் மேசைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். பூசை முடிந்து அவர் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் வெளியே தலை காட்டும். "நாய்க்கே தெரியுது பாரு, வந்துருக்கது யாருன்னு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள்.

போன ஆடியில் கொடை நடந்தபோது நல்ல மழை. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு அந்த வருடம்தான் சுகர் என்று தெரிந்திருந்தது. விரதம் வேண்டாம் என்று மதினி சொல்லியும் கேட்காமல் இருந்தார். மேளம் ரொம்ப நேரம் அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். என்ன இது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தபோது, திடீரென்று துள்ளினார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது.

குறி கேட்க நானும் போய் நின்றேன். வடாலாவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகவா, இங்கேயே இருக்கவா என்று கேட்டேன். என் நெற்றியில் திருநீற்றை அப்பினார்.

"வாசப்படிய விட்டுப் போவாத. அவன் வருவான். இந்த வாசலுக்குத்தான் வருவான். இரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமியாவது பூதமாவது என்று பேசுகிற வாய் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அன்று சாயந்தரமே அண்ணனுக்குப் போன் போட்டு, நான் வரவில்லை, ரூமை வாடகைக்கு விட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

நான் திருநீற்றோடு விலகி வந்து கொஞ்ச நேரம் இருக்கும். புகைக்குள் ஏதோ உறுமியது. தொடர்ந்து ஒரு அலறல். சாமியின் சத்தம் இல்லை அது. "ஐயோ, எம்மா!" என்று வெயிலுமுத்து அண்ணாச்சியின் சொந்தக் குரல். மேளம் நின்றுபோனது. புகை விலகியபோது அண்ணாச்சி கீழே உட்கார்ந்து ஆடுசதையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விரல்களுக்கு நடுவே ரத்தம். கண்டக்டர் வாலை இடுக்கிக்கொண்டு பட்டறையைப் பார்த்து ஓடியது. அது எப்போது உள்ளே வந்தது, எதற்குக் கடித்தது என்று பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பயம் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஹனீப் பாய் பட்டறையில் கட்டிப்போட்டார். நாய்க்கு ஒரு சீக்கும் இல்லை. பாவ் தின்றது, தண்ணீர் குடித்தது, அண்ணாச்சியின் ஹாரன் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்தது. எங்கள் கல்லிக்குத்தான் சீக்குப் பிடித்துக்கொண்டது.

வெறி இல்லை என்றால் பின்னே ஏன் கடித்தது? குழாயடியில் இதே பேச்சு. சுடலை வந்து இறங்கியிருந்தால் ஒரு தெருநாய் கிட்ட வருமா என்று சிலர் மெதுவாக ஆரம்பித்தார்கள். சாமிக்கு வலிக்குமா, சாமி எம்மா என்று கத்துமா என்றும் கேட்டார்கள். இப்படிக் கேட்டவர்களெல்லாம் அன்று குறி கேட்காதவர்கள். குறி கேட்டவர்கள் அத்தனை பேரும், நாய்தான் கெட்டுப்போச்சு, சாமியிலே ஒரு குறையும் இல்லை என்று அடித்துப் பேசினார்கள். எனக்கும் நாய் கெட்டுப்போனதாக இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

எங்கள் கல்லியில் இருக்கிற ராபியாவின் பேச்சை மட்டும் யாராலும் தள்ள முடியவில்லை. அவளுக்கு அப்போதுதான் தவழ ஆரம்பித்த பிள்ளை. "சாமி சங்கதி எனக்குத் தெரியாது. சோறு போட்டவரையே கடிச்ச நாயி, எம் புள்ளைய விட்டுவைக்குமா? ஒரு தடவ கடிச்சத எப்படி நம்பி வாசல தொறந்து போடுதது?" என்றாள்.

"ஏ ராபியா, இத்தன வருசமா ஒம் மூத்தவன் அதும் மேல ஏறிச் சவாரி போறான். என்னைக்காவது பல்லக் காட்டியிருக்கா?" என்று ஹனீப் பாய் கேட்டார். "கடிக்கதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. அது என்னன்னு தெரியாம அதத் தள்ளிவைக்கக் கூடாது."

"காரணத்த நாயா வந்து சொல்லப்போவுது?" என்றாள் அவள்.

கொடைக் கமிட்டித் தலைவர் பேச்சிராஜா, மொபைல் கவர் மொத்த வியாபாரம் செய்கிறவர். நல்லவர்தான், ஆனால் எந்த லஃப்டாவானாலும், வம்பானாலும் அதைத் தன் தலையிலிருந்து இறக்கி வேறு ஒருவர் தலையில் வைத்துவிடுவதில் கெட்டிக்காரர். கொடை முடிந்த எட்டாம் நாள் ஒரு சின்ன பூசை உண்டு. "எதுக்கு ஆளாளுக்குப் பேசிக்கிட்டு? எட்டாம் பூசையில சாமிகிட்டயே கேட்டுருவோம். நாயி இருக்கட்டும்னா இருக்கட்டும். போவட்டும்னா போவட்டும்" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கடிபட்டவரிடமே தீர்ப்பைக் கேட்கப் போகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு அவர் வேறு, சாமி வேறு.

பூசைக்கு முந்தின நாள் ஹனீப் பாய் அண்ணாச்சியின் வாசலுக்கு வந்தார். நான் என் வீட்டு ஜன்னலடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒரு வார்த்த. அவ்வளவுதான் கேக்கேன். அது வாயில்லாத சீவன்."

"எங் கையில என்ன இருக்கு பாய்? வாரவன் சொல்லுதத வாயி சொல்லும்."

உள்ளேயிருந்து மதினி வந்தாள். "அது நம்ம வாசல்ல கெடக்க நாயி, எங் காவல் நாயின்னு சாமி ஒரு வார்த்த சொன்னா ஒருத்தன் வாயத் தொறப்பானா?"

அண்ணாச்சி கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேளம் இரண்டு சுற்று அடிப்பதற்குள் சாமி வந்துவிட்டது. பேச்சிராஜா நாயைப் பற்றிக் கேட்டார். பட்டறைக்குள்ளிருந்து கண்டக்டர் குரைப்பது கேட்டது. அண்ணாச்சி அந்தப் பக்கமே திரும்பாமல் கத்தினார்.

"ருசி கண்ட வாயி! இனி கடிக்கும். மறுபடியுங் கடிக்கும். நம்பாத. எல்லைய விட்டு ஓட்டு!"

பெண்கள் குலவை போட்டார்கள். பேராச்சி மதினி போடவில்லை. ஹனீப் பாய் கோயிலுக்கு வெளியே ரோட்டோரமாக மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முனிசிபாலிட்டி வண்டி பிடித்துப் போனாலும் ஊசி போட்டு அதே இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும், சட்டம் அப்படி. அதனால் டாக்டர் சொன்ன பத்து நாள் முடிந்ததும் பாயே ஏற்பாடு செய்தார். சான்பாடாவில் அவர் பைகளை அடுக்கி வைக்கிற கோடோன் ஒன்று இருக்கிறது, ஒரு சேட்டுக்குச் சொந்தமானது. பாயின் அக்கா மகன் நசீர் டெம்போவைக் கல்லி முனைக்குக் கொண்டுவந்தான். நாய் ஏறவே மாட்டேன் என்றது. பாய் அதை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் வைத்தார். அது அவர் முகத்தை நக்கியது. டெம்போ போன பிறகு, பாட்டிலில் இருந்த மண்ணைக் கொட்டிக் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றார். அண்ணாச்சி அன்றைக்கு மாஹிமுக்குச் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

அதன் பிறகு அண்ணாச்சிக்கு மரியாதை கூடிவிட்டது. குழாயில் அவர் குடத்தை முன்னால் வைத்தார்கள். அவர் அதை எடுத்துப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். சாப்பாடு இறங்கவில்லை என்று மதினி சொன்னாள். நசீரைப் பார்க்கும்போதெல்லாம், "எப்படி இருக்கான்?" என்று கேட்பார். "இருக்கு மாமா" என்பான் அவன். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரியும். கடிபட்டவரே அந்த நாயை இப்படி நினைத்து உருகுகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நான் நினைத்தேன். என் கணிப்பு எப்போதும் இப்படித்தான்.

தீபாவளி கழிந்து, சான்பாடா கோடோனில் இருந்த பைகளில் கைப்பிடி பிரிகிறது என்று பாய் என்னை அங்கே அனுப்பினார். நானும் வருகிறேன் என்று அண்ணாச்சி கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் ஒரு பாவ்.

கோடோன் வாசலில் ஒரு இரும்புத் தூண். அதில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கண்டக்டர். கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. சங்கிலி போகிற தூரத்துக்குத் தரை வட்டமாகத் தேய்ந்திருந்தது. வாட்ச்மேன், பீகார்க்காரர், வயசானவர், நீளமான கம்பால் சோற்றுத்தட்டை அதன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியைப் பார்த்ததும் நாய் எழுந்து, சங்கிலி தொண்டையை அறுக்க அறுக்க முன்னால் தாவியது. உடம்பு முழுக்கக் குழைந்தது. ஒரு மாதிரி முனகியது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தூர் ரஹோ, காட்தா ஹை!" என்று வாட்ச்மேன் கத்தினார். தள்ளி நில், கடிக்கும்.

அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வாட்ச்மேனைப் பார்த்து, இட்லி விற்பதற்கு மட்டுமே பழகிய அந்த ஹிந்தியில் பேச ஆரம்பித்தார்.

"பையா, இஸ்கா கல்தி நஹீ. பெஹ்லே மே மாரா. பகவான் நஹீ ஆயா தா. மே நாட்டக் கியா."

தப்பு இதன் மேல் இல்லை. முதலில் அடித்தது நான். சாமி வரவே இல்லை, நான் நடித்தேன். எங்கள் கல்லியில் தமிழில் ஒருத்தரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் அரைகுறை ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த நூல்கண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

வாட்ச்மேனுக்கு எந்த பகவான், என்ன நாடகம் என்று ஒன்றும் புரியவில்லை. கடித்தது கடித்ததுதானே என்றார். உங்கள் ஆள் பேச்சிராஜாதான் சேட்டுக்குப் போன் போட்டு, கடிக்கிற நாய், சங்கிலியை அவிழ்க்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவரே மறுபடி போன் போட்டுச் சொல்லட்டும், இப்போதே அவிழ்த்துவிடுகிறேன் என்றார். அண்ணாச்சி பாவை நாயின் பக்கம் எறிந்தார். அது பாவைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கைப்பிடிகளை ஏனோதானோ என்று தைத்து முடித்தேன். திரும்பும்போது வடாலாவில் இறங்கி மாஹிம் வண்டிக்கு மாற வேண்டும். பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அன்னைக்குச் சாமி வரலியா அண்ணாச்சி?"

"வரல தாயி. மத்த வருசம்லாம் கண்ணு இருட்டிட்டு வரும், அப்புறம் ஒண்ணுந் தெரியாது. முழிச்சுப் பாத்தா பேராச்சி விசிறிக்கிட்டு இருப்பா. அன்னைக்கு எல்லாந் தெரிஞ்சுது. காலு வலிக்குது தெரியுது, பசிக்குது தெரியுது. மேளக்காரன் வேர்த்து ஊத்துதான், எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்காக. எங்கப்பா பேரு போயிருமேன்னு குதிச்சேன்."

"நாயி?"

"அது வாலாட்டிக்கிட்டு வந்துட்டு தாயி. எந்தக் கொடைக்கும் வராத நாயி. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நம்ம ஆளுதான்னு. எல்லாரும் பாத்துட்டா என்ன ஆவுதது? வல்லயத்தத் திருப்பி வயித்துல ஒரு குத்து குத்தினேன். விடாம மறுபடியும் குத்தினேன். அப்புறந்தான் கடிச்சுது."

எட்டாம் பூசையிலும் அப்படியேதான் என்றார். நாய் கல்லியில் இருந்தால் அடுத்த கொடைக்கும் வாலாட்டிக்கொண்டு வருமே என்கிற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாராம்.

நாயை நினைத்தேனா என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் என்னைத்தான் நினைத்தேன்.

"அப்ப எனக்குச் சொன்னது?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "நீ அழுதுக்கிட்டே கேட்ட. வருவான்னு சொன்னா ஒனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன். நாந்தான் சொன்னேன் தாயி."

கோபம் வந்ததே பாருங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கதவு தட்டும் சத்தம் கேட்டால் போதும், ஓடி ஓடிப் போய்த் திறந்தேன். அண்ணன் அந்த ரூமை வாடகைக்கு விட்டுவிட்டான். இந்த மனுஷனை உலுக்க வேண்டும் போலிருந்தது. சுகரில் வற்றிப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

"பேச்சிராஜாவுக்குப் போன் போட்டுரலாம்னுதான் இருக்கு" என்றார் அவர். "போட்டா அன்னைக்குக் கேட்ட அத்தன பேரு குறியும் பொய்யின்னு ஆயிரும். ஒன்னய மாதிரி எத்தன பேரு."

"எங்க பேரச் சொல்லி அத அங்க கட்டிப்போடாதீக. எங் குறிதான் இப்பமே பொய்யாப் போச்சே. போடுங்க."

போனை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகத் தள்ளினார். பேச்சிராஜா பேர் வந்ததை நானே பார்த்தேன். அதன் மேல் விரலை வைக்காமல் ரொம்ப நேரம் போனையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்துட்டு தாயி" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் லேடீஸ் பெட்டியில் போய் ஏறிக்கொண்டேன்.

அவர் செய்யாததை அன்று சாயந்தரமே நான் செய்தேன். ஹனீப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்லியில் மூச்சுவிடவில்லை. அண்ணாச்சியையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகச் சேட்டிடம் போய், நாய்க்கு நான் பொறுப்பு என்று பேசி, சங்கிலியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. வடாலாவில் வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்ததும் வருகிறேன் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் பாய் மறுபடியும் அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். அண்ணாச்சி சாம்பல் போட்டு இட்லிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கண்டக்டரு வாச்மேனக் கடிச்சிட்டு."

அண்ணாச்சியின் கை நின்றது. "அவரு கம்ப எடுத்தாரா?"

"இல்ல. கம்பு இல்லாம வெறுங்கையால தட்ட வைக்கக் குனிஞ்சிருக்காரு. பாவம், ஆசையாத் தலையத் தடவப் போனாராம். கையில நல்லாப் பதிஞ்சிருக்கு. அவருக்கும் ஊசி போடுதாக."

"அவரு ஏதாவது பண்ணிருப்பாரு பாய். நல்லாக் கேளுங்க. காலால தள்ளிருப்பாரு."

"ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. நசீரு பக்கத்துலதான் நின்னான். இத்தன மாசம் அதும் பக்கம் வந்தது கம்பு மட்டுந்தான. குனியுத ஆளக் கண்டா இப்ப அதுக்குப் பயம்." பாய் குரலை இறக்கினார். "மறுபடியும் சங்கிலி போட்டாச்சு. இனி அவுக்கச் சொல்ல எனக்கும் வாயி இல்ல."

அவர் போன பிறகும் அண்ணாச்சி சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலில் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அன்று பிளாட்பாரத்தில் பேசியதற்குப் பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியுங் கடிக்கும்னு நாந்தான சொன்னேன் மாலதி" என்றார். "சாமி வராமச் சொன்னதுல்லா? பலிச்சுட்டு பாரு."

பேராச்சி மதினி வந்து அவர் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கழுவி வைத்தாள். மறுநாள் மாஹிமுக்கு இட்லி கொண்டுபோக வேண்டும்.